ஏப்ரல் 15 வரைக்கும்

"இங்கிலீசு படிக்க அமெரிக்காவுக்குப் போகப் போகுதாமே ஒங்க புள்ள. அப்ப இவ்வளவு நாளும் பேராதனையில என்னா பாஷையில படிச்சிச்சு?"

தோட்டத்து மாமா ஒருவர் அம்மாவிடம் கேட்டது இது. அம்மா ஃபோனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மாமா கேலியாகக் கேட்டாரோ அக்கறையில் கேட்டாரோ, கேட்டது சரியான கேள்விதான். போன வருஷக் கடைசியில் நான் நிரப்பிய எல்லா விண்ணப்பங்களும் சுற்றி வளைத்து அதையேதான் கேட்டன. ஆங்கில இலக்கியத்தில் உனக்கு இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது? அதை ஏன் எங்களிடம் வந்து படிக்க வேண்டும்?

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊர் கலஹாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அம்மா கொழுந்து எடுத்தவர், அப்பா ஸ்டோரில் வேலை செய்தவர். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் சிறப்புப் பட்டம் முடித்தேன். இப்போது கண்டி கட்டுக்கலையில் ஒரு அறை எடுத்துக்கொண்டு ஓ/எல் பிள்ளைகளுக்கு டியூஷன் கொடுக்கிறேன். டிசம்பரில் அமெரிக்காவிலும் கனடாவிலும் சில பல்கலைக்கழகங்களுக்குக் கலாநிதிப் படிப்புக்கும் முதுமாணிக்கும் விண்ணப்பம் போட்டேன். இப்போது பெப்ரவரி. பதிலுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் ஆங்கில இலக்கியத்தில் பட்டப்பின் படிப்புக்கு வெளிநாட்டுக்கு எழுதிப் போடுவது அபூர்வம். அதனால் யாரிடம் கேட்பது என்றே ஆரம்பத்தில் விளங்கவில்லை. அடுத்து வருகிறவர்களுக்கு உதவட்டும் என்று நான் தெரிந்துகொண்டதை எல்லாம் எழுதிவைக்கிறேன். கொஞ்சம் நீளும்.

என்னதான் அனுப்புகிறோம்?

ஏ/எல் எழுதி, இசட் புள்ளி பார்த்து, வெட்டுப்புள்ளி வரும்வரை காத்திருந்து கம்பஸ் போனவர்கள் நாங்கள். தெரிவு என்றால் ஒரு பரீட்சை, ஒரு புள்ளி, ஒரு பட்டியல் என்றுதான் எங்கள் தலையில் பதிந்திருக்கிறது. வெளிநாட்டுப் பட்டப்பின் படிப்புக்கு அப்படிப் பட்டியல் கிடையாது.

அமெரிக்க ஆங்கிலத் துறைகள் பெரும்பாலும் கேட்பது இவைதான்: பட்டப் பெறுபேறு, விரிவுரையாளர்கள் மூன்று பேரின் சிபாரிசுக் கடிதம், இரண்டு பக்க அளவில் ஒரு நோக்க அறிக்கை, பதினைந்து இருபது பக்கத்துக்கு ஒரு ஆய்வுக் கட்டுரை, ஆங்கிலப் பரீட்சைப் பெறுபேறு. முன்பு ஜீ.ஆர்.ஈ. பரீட்சையில் ஆங்கில இலக்கியத்துக்கென்றே தனியாக ஒரு தாள் இருந்தது. சோசர் முதல் இருபதாம் நூற்றாண்டு வரை பிரித்தானிய, அமெரிக்க இலக்கியம் முழுவதையும் தலையில் ஏற்றிக்கொண்டு போய் எழுத வேண்டும். அதை 2021இல் நிறுத்திவிட்டார்கள். பொது ஜீ.ஆர்.ஈ. தாளையும் பல ஆங்கிலத் துறைகள் இப்போது கேட்பதில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு இது பெரிய ஆறுதல். காசும் மிச்சம்.

ஐ.ஈ.எல்.டி.எஸ். மட்டும் எழுதத்தான் வேண்டியிருக்கிறது. நான்கு வருஷம் ஆங்கிலத்தில் விரிவுரை கேட்டு, ஆங்கிலத்தில் பரீட்சை எழுதி, ஆங்கில இலக்கியத்திலேயே பட்டம் வாங்கியவர், தனக்கு ஆங்கிலம் தெரியும் என்று காசு கட்டி நிரூபிக்க வேண்டும். அந்த நிரூபணமும் இரண்டு வருஷத்தில் காலாவதியாகிவிடும். கற்பித்த மொழி ஆங்கிலம் என்று பல்கலைக்கழகத்திடம் கடிதம் வாங்கி அனுப்பினால் சில இடங்களில் விட்டுக்கொடுப்பார்கள். வெட்கப்படாமல் மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள்.

இவை எல்லாவற்றிலும் கனமானது அந்த இருபது பக்கக் கட்டுரைதான். புள்ளியைப் பார்த்துவிட்டு ஒதுக்கிவைக்கலாம், சிபாரிசுக் கடிதங்கள் எல்லாமே கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். இந்த ஆளுக்கு ஒரு பிரதியை எடுத்து வாசிக்கத் தெரியுமா, அதிலிருந்து ஒரு வாதத்தைக் கட்டத் தெரியுமா என்பது கட்டுரையில் தெரிந்துவிடும். நேரம் இருந்தால் அதில் போடுங்கள்.

காசுக் கணக்கு

ஒரு விண்ணப்பத்துக்குக் கட்டணம் பெரும்பாலும் 75 டொலருக்கும் 125 டொலருக்கும் இடையில். நூறு டொலர் என்று வைத்துக்கொண்டால், இன்றைய விலையில் முப்பதாயிரம் ரூபாய்க்குக் குறையாது. தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2024இல் 1,350 ரூபா ஆகியிருந்தது. அந்தக் கணக்கில் ஒரு விண்ணப்பம் என்பது இருபத்திரண்டு நாள் கொழுந்து. திருப்பித் தராத காசு. தெரிவானாலும் தராது, ஆகாவிட்டாலும் தராது.

2022ஐ நினைத்துப் பார்க்கிறேன். டொலர் இருநூறிலிருந்து சில வாரங்களிலேயே முந்நூற்று அறுபது வரை ஏறியது. ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டு. கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே பிற்போடப்பட்டது. அந்த வருஷம் விண்ணப்பித்த மூத்தவர்கள் கட்டணத்தைக் கட்டுவதற்கே வெளிநாட்டில் யாராவது சொந்தக்காரர் இருக்கிறாரா என்று தேடவேண்டியிருந்தது. அவர்களோடு பார்த்தால் எனக்கு லேசு.

கட்டண விலக்கு என்று ஒன்று உண்டு. சில பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவருக்கும் கொடுக்கும், சில கொடுக்காது. கெடுவுக்குச் சில வாரம் முந்தியே கேட்டால்தான் நடக்கும்.

நாட்டுக்கு நாடு கணக்கு வேறுபடும். அமெரிக்காவில் கலாநிதிப் படிப்புக்கு எடுத்தால் பெரும்பாலும் வகுப்புக் கட்டணம் இல்லை, ஐந்தாறு வருஷத்துக்கு மாதக் கொடுப்பனவும் உண்டு. அதற்குப் பதிலாக முதல் வருஷப் பிள்ளைகளுக்கு எழுத்துப் பயிற்சி வகுப்பு எடுக்க வேண்டும். முதுமாணிக்கு மட்டும் போனால் பல இடங்களில் காசு நீங்களே கட்ட வேண்டியிருக்கும். இங்கிலாந்தில் ஒரு வருஷத்தில் முதுமாணி முடியும், ஆனால் புலமைப்பரிசில் இல்லாமல் எங்களால் நினைத்தும் பார்க்க முடியாது. பொதுநலவாயப் புலமைப்பரிசில், செவனிங், அமெரிக்காவுக்கு ஃபுல்பிரைட் என்று தனித்தனிக் கதவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கெடு. கலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

புயலும் முதல் பந்தியும்

பல துறைகளுக்குக் கெடு டிசம்பர் 1க்கும் 15க்கும் இடையில். நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. மலையகம் முழுவதும் மண்சரிவு. கண்டி மிக மோசமாக அடிவாங்கிய மாவட்டங்களில் ஒன்று. மகாவலி பெருக்கெடுத்தது. ரோட்டுகள் அடைபட்டன, கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை. அம்மா அப்பா உயிரோடு இருக்கிறார்களா என்பது தெரியவே நேரம் எடுத்தது. நல்லபடியாக இருந்தார்கள். எங்கள் லயத்துக்குப் பின்னால் இருந்த மண்திட்டு இறங்கியது, ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கத்துத் தோட்டங்களில் அப்படிச் சொல்ல முடியாது.

அந்த நாட்களில் விண்ணப்பம் என்ற எண்ணமே இல்லை. சிக்னல் வந்த பிறகு, கெடுவைத் தள்ளிப்போடக் கேட்டுத் துறைகளுக்கு எழுதினேன். சில இடங்களில் கேள்வி கேட்காமல் ஒரு வாரம் கொடுத்தார்கள். ஒரு இடத்திலிருந்து இன்றுவரை பதில் இல்லை. எனக்குச் சிபாரிசுக் கடிதம் எழுத ஒத்துக்கொண்ட மேடம், தன் வீட்டில் கரண்ட் இல்லாத நேரத்தில் எங்கேயோ போய் லெப்டொப்பைச் சார்ஜ் பண்ணி எழுதி அனுப்பினார். அவருக்கு நான் என்ன சொல்லி நன்றி சொல்வது?

இந்த நேரத்தில்தான் வெளிநாட்டில் இருக்கும் ஒரு தெரிந்தவர், நல்ல மனதோடு ஒரு யோசனை சொன்னார். "நோக்க அறிக்கையின் முதல் பந்தியில் லயத்தை வை. அம்மாவின் கொழுந்துக் கூடையை வை. இப்போது மண்சரிவும் இருக்கிறது, அதையும் சேர். வாசிக்கிறவர் மறக்கமாட்டார்."

அவர் பொய் சொல்லச் சொல்லவில்லை. எல்லாம் நடந்ததுதான். இந்த யோசனையை எனக்கு முன்னாலும் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருப்பார்கள். இலங்கைத் தமிழர் என்றால் யுத்தத்தை எழுது, மலையகத் தமிழர் என்றால் லயத்தை எழுது. ஒரு இரவு முழுக்க அந்த முதல் பந்தியை எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது. அதுதான் பிரச்சினை. அம்மாவின் கூடை அந்தப் பந்தியில் ஒரு வேலை செய்துகொண்டிருந்தது, எனக்கு இடம் பிடித்துக் கொடுக்கிற வேலை. அந்தக் கூடையைத் தூக்கியவருக்கு அதில் பேச்சே இல்லை.

கிழித்துப் போட்டேன் என்று சொன்னால் நாடகமாக இருக்கும். ஃபைலை வேறு ஃபோல்டருக்கு மாற்றினேன். நோக்க அறிக்கையில் நான் என்ன வாசித்தேன், எதை ஆராய விரும்புகிறேன், அந்தத் துறையில் யாரோடு அதைச் செய்யலாம் என்பதை மட்டும் எழுதினேன். சில பல்கலைக்கழகங்கள், முக்கியமாகக் கலிஃபோர்னியாவின் அரச பல்கலைக்கழகங்கள், வாழ்க்கைப் பின்னணிக்கென்று தனியாக ஒரு அறிக்கை கேட்கும். அங்கே தோட்டத்தைப் பற்றி எழுதலாம், கேட்டுத்தான் எழுதுகிறோம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். வறுமையில் இருந்து வந்தேன் என்பது ஒரு ஆய்வுக் கேள்வி ஆகாது. வறுமையைப் பற்றி யார், எந்த மொழியில், யாருக்காக எழுதினார்கள் என்பது ஆய்வுக் கேள்வி.

கேள்வி இங்கேதான் இருந்தது

அப்படியானால் என் கேள்வி என்ன? அதற்குக் கண்டியைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

ஆங்கில இலக்கியம் எங்கேயோ லண்டனிலும் நியூயோர்க்கிலும் இருப்பதாகத்தான் நானும் நினைத்திருந்தேன். இந்த ஊரைச் சுற்றியே அதில் எவ்வளவு கிடக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. ரொபர்ட் நொக்ஸ் 1660இல் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டு, கண்டி இராச்சியத்தின் கிராமங்களில் கிட்டத்தட்ட இருபது வருஷம் இருந்து, 1679இல் தப்பிப் போனவர். 1681இல் அவர் எழுதிய புத்தகம் ஐரோப்பாவெங்கும் வாசிக்கப்பட்டது. டானியல் டிஃபோ ரொபின்சன் குரூசோ எழுதுவதற்கு அதுவும் ஒரு தூண்டுதல் என்பார்கள். இங்கே இருந்த காலத்தில் நொக்ஸ் நூலால் பின்னிய ஒரு தொப்பியைக் கொடுத்து ஒரு கிழவரிடம் ஆங்கில பைபிள் ஒன்றை வாங்கினார். கண்டியில் ஆங்கிலப் புத்தகத்துக்கு ஏங்கிய முதல் வாசகர் அவர்தானோ என்னவோ.

பிறகு லெனர்ட் வுல்ஃப். வர்ஜீனியாவை மணப்பதற்கு முந்தி, 1907இலிருந்து ஒரு வருஷம் போலக் கண்டிக் கச்சேரியில் வேலை பார்த்தவர். பின்னால் ஹம்பாந்தோட்டைக்குப் போய், 1913இல் இலங்கைக் கிராமத்தைப் பற்றி ஒரு நாவல் வெளியிட்டார். 1922இல் டி.எச். லோரன்ஸ் கண்டி ஏரிக்கு மேலே ஒரு பங்களாவில் சில வாரம் தங்கினார். வேல்ஸ் இளவரசருக்காக நடந்த பெரஹராவைப் பார்த்து யானையைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். வெக்கை தாங்காமல் அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிவிட்டார்.

இவர்கள் எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போனவர்கள். நான் தேடியது அவர்களை அல்ல. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் லூல்கந்துர தோட்டம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் இலங்கையின் முதல் வணிகத் தேயிலையைப் பயிரிட்ட இடம். அதற்கு முன் கோப்பி, அதன் பின் தேயிலை என்று வந்த துரைமாருக்குத் தொழிலாளரோடு பேசத் தமிழ் வேண்டியிருந்தது. அதற்கென்றே ஆங்கிலத்தில் கையடக்கப் புத்தகங்கள் அச்சிட்டார்கள். 'இங்கே வா' என்ற கட்டளையையே தலைப்பாக வைத்த ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்தது. 'கூலித் தமிழ்' என்ற பெயரிலேயே இன்னொன்று 1915இல் வந்தது. சின்னத் துரைமார் எங்கள் பாட்டன் பூட்டனிடம் என்ன பேச வேண்டும் என்று அந்தப் புத்தகங்கள்தான் சொல்லிக்கொடுத்தன.

இவற்றை இதுவரை பெரும்பாலும் வரலாற்றாசிரியர்களும் மானிடவியலாளர்களும்தான் தொட்டிருக்கிறார்கள். நான் இலக்கியப் பிரதியாக வாசிக்க நினைக்கிறேன். அவற்றில் ஒரு கதைசொல்லி இருக்கிறார், பாத்திரங்கள் இருக்கிறார்கள், உரையாடல் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் பேசுகிற உரையாடல். மறுபக்கத்தை ஆங்கிலத்திலேயே எழுதியவர் சி.வி. வேலுப்பிள்ளை. 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனவர், தேயிலைத் தோட்டத்து மக்களைப் பற்றி ஆங்கிலத்தில் கவிதை எழுதியவர், தோட்டத்து நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தவர். துரைமாரின் கைநூலையும் சி.வி.யின் ஆங்கிலத்தையும் பக்கத்தில் வைத்து வாசித்தால் என்ன நடக்கிறது? இதுதான் என் இருபது பக்கம்.

மாமாவுக்குப் பதிலும் இதுதான். ஆனால் இதை மாமாவிடம் சொல்ல நான் இன்னும் பழக வேண்டும்.

போனவர்கள், வந்தவர்கள்

காத்திருக்கிற நேரத்தில், பேராதனை ஆங்கிலத் துறையில் இருந்து முன்பு போனவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்க்கத் தொடங்கினேன். இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் கொழும்பில் தொடங்கி, 1952இல் கலைப்பீடத்தோடு பேராதனைக்கு வந்தது. ஆங்கிலத் துறைக்கு அப்போது லுடொவைக் பேராசிரியர். அவரே கேம்பிரிட்ஜில் கலாநிதிப் பட்டம் முடித்துத் திரும்பியவர்தான்.

யாஸ்மின் குணரத்ன பேராதனையில் படித்து, கேம்பிரிட்ஜ் போய் 1962இல் கலாநிதிப் பட்டம் வாங்கினார். போய் எதை ஆராய்ந்தார் தெரியுமா? பத்தொன்பதாம் நூற்றாண்டு இலங்கையில் எழுதப்பட்ட ஆங்கில இலக்கியத்தை. கண்டி இராச்சியம் விழுந்த 1815இலிருந்து தொடங்கும் அந்தப் புத்தகம் 1968இல் வெளிவந்தது. திரும்பி வந்து பேராதனையில் கற்பித்தார், 1972இல் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். ஆஷ்லி ஹல்பே வேறு விதம். இங்கிலாந்தில் கலாநிதிப் பட்டம் முடித்து வந்து, 1965இல் பேராசிரியராகி, பேராதனையிலேயே வாழ்நாள் முழுக்க இருந்தார். 1971 கிளர்ச்சியைப் பற்றி ஆங்கிலத்தில் கவிதை எழுதினார், சிங்களக் கவிதைகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார். கணநாத் ஒபேசேகர 1955இல் ஆங்கிலத்தில் பட்டம் பெற்றவர். வெளிநாட்டுக்குப் போய் மானிடவியலுக்கு மாறி, பிரின்ஸ்டனில் பேராசிரியரானார். கண்ணகியை, அதாவது சிங்களவர் கும்பிடும் பத்தினித் தெய்வத்தைப் பற்றிய பெரிய நூல் அவருடையது. 2025 மார்ச்சில்தான் காலமானார்.

தமிழர்களில் எனக்கு நெருக்கமாகப் படுகிறவர் சுரேஷ் கனகராஜா. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்து, டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 1990இல் கலாநிதிப் பட்டம் முடித்து, யுத்தத்துக்கு நடுவே யாழ்ப்பாணத்துக்கே திரும்பி வந்தவர். 1994இல் திரும்ப அமெரிக்கா போனார். மேற்கின் ஆய்வு இதழ்களுக்குக் கட்டுரை அனுப்ப யாழ்ப்பாணத்தில் இருந்த ஒருவருக்குக் கடதாசியும் தபாலும் மின்சாரமும் எவ்வளவு தடையாக இருந்தன என்பதை அவர் 2002இல் ஒரு புத்தகமாகவே எழுதினார். ஒருவருடைய அறிவு சபைக்குப் போய்ச் சேராததற்கு அவருடைய அறிவு மட்டும் காரணம் இல்லை என்று அதில் காட்டினார். டிசம்பரில் கரண்ட் இல்லாமல் உட்கார்ந்திருந்தபோது அந்தப் புத்தகம் அடிக்கடி ஞாபகம் வந்தது. டொரொண்டோவில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்த செல்வா கனகநாயகமோ தமிழ்க் கவிதைகளை ஆங்கிலத்தில் கொண்டுபோவதில் காலம் செலவழித்தவர். 2014இல் மறைந்தார்.

இந்தப் பட்டியலைப் பெருமைக்காக எழுதவில்லை. போய்த் திரும்பியவர், திரும்பாதவர், துறை மாறியவர், திரும்பிவிட்டுப் பிறகு போனவர் என்று எல்லா வகையும் இதில் உண்டு. ஆனால் பெரும்பாலானவர்கள் கையில் எடுத்துக்கொண்டு போனது இங்கே கிடைத்த கேள்வியை. கேம்பிரிட்ஜில் உட்கார்ந்து யாஸ்மின் குணரத்ன வாசித்தது கொழும்பிலும் கண்டியிலும் அச்சான பழைய எழுத்துகளை.

ஏன் இன்னும் பதில் இல்லை?

இப்போது காத்திருப்பின் யந்திரத்தைப் பற்றி. தெரிந்துகொண்டால் தூக்கம் கொஞ்சம் வரும்.

துறைகளில் தெரிவுக் குழு பெரும்பாலும் ஜனவரியில் வாசிக்கத் தொடங்கும். முதல் சுற்றில் எடுத்தவர்களுக்குப் பெப்ரவரியில் மின்னஞ்சலோ அழைப்போ போகும். இல்லை என்ற கடிதங்கள் கடைசியாக, மார்ச்சில் கூட்டமாகப் போகும். நடுவில் ஒரு காத்திருப்புப் பட்டியல் உண்டு. அதில் இருக்கிறோம் என்பதை எல்லோரும் சொல்லமாட்டார்கள். அதனால் பெப்ரவரியில் மௌனம் என்றால் இல்லை என்று அர்த்தம் எடுக்கக் கூடாது. ஆம் என்றும் எடுக்கக் கூடாது, அது வேறு கதை.

ஏப்ரல் 15 என்ற திகதி முக்கியம். பட்டப்பின் படிப்பு நடத்தும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. நிதி உதவியோடு இடம் கொடுத்தால், அந்தத் திகதிக்கு முன் பதில் சொல்லும்படி மாணவரை நெருக்கக் கூடாது. அதனால் இரண்டு மூன்று இடம் கிடைத்தவர்கள் அந்த நாள்வரை கையில் வைத்திருப்பார்கள். கடைசி இரண்டு மூன்று நாளில் அவர்கள் விடும் இடம்தான் காத்திருப்புப் பட்டியலுக்கு வரும்.

இடங்களோ குறைவு. ஒரு ஆங்கிலத் துறைக்குச் சில நூறு விண்ணப்பம் வந்தால் எடுப்பது ஏழெட்டுப் பேர், பெரிய துறை என்றால் பத்துப் பன்னிரண்டு. எடுக்கிற ஒவ்வொருவருக்கும் ஐந்தாறு வருஷம் சம்பளம் கொடுக்க வேண்டும். கட்டுக்கலையில் அறை வாடகைக்கு விடுகிற வீட்டுக்காரர் ஆள் நல்லவரா என்று மட்டுமா பார்க்கிறார்? எந்த அறை காலியாக இருக்கிறது என்பதையும்தானே பார்க்கிறார்? இதுவும் அப்படித்தான். இந்த வருஷம் மத்தியகால இலக்கியத்துக்கு ஆள் வேண்டும் என்றால் உங்கள் தேயிலைக்கு அங்கே இடம் இல்லை. 2020இல் சிகாகோ பல்கலைக்கழக ஆங்கிலத் துறை அந்தச் சுற்றில் கறுப்பின இலக்கிய ஆய்வுக்கு மட்டும்தான் ஆள் எடுப்பதாக அறிவித்தது. 2024 நவம்பரில் பொஸ்டன் பல்கலைக்கழகம் ஆங்கிலம் உட்பட மனிதப் பண்பியல், சமூக விஞ்ஞானத் துறைகள் பலவற்றில் அடுத்த வருஷத்துக்குக் கலாநிதி மாணவரையே எடுக்கவில்லை. 2025 ஓகஸ்டில் சிகாகோ, 2026 சேர்க்கைக்குக் கலைப் பகுதியின் பல துறைகளில் கலாநிதி மாணவரை எடுப்பதை நிறுத்தியது அல்லது குறைத்தது. அந்த வருஷங்களில் அங்கே விண்ணப்பிக்க இருந்த பிள்ளையின் கட்டுரை எவ்வளவு நல்லதாக இருந்தால் என்ன?

இதை எல்லாம் தெரிந்துகொண்ட பிறகும் நான் இரவில் ஃபோனைப் பார்க்கிறேன் என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் காலை ஒன்பது மணி என்றால் இங்கே இரவு ஏழரை. அலுவலகம் திறந்து அவர்கள் வேலை செய்கிற நேரம் முழுக்க எங்கள் இரவு. டியூஷன் முடிந்து பிள்ளைகள் போகிற நேரத்தில்தான் அங்கே நாள் தொடங்குகிறது. இப்போது ஒரு சட்டம் வைத்திருக்கிறேன். இரவு ஒன்பதுக்குப் பிறகு மின்னஞ்சல் பார்ப்பதில்லை. எந்தப் பதிலும் விடியும்வரை இருக்கும். இரவில் இல்லை என்று வாசித்தால் காலைவரை செய்ய ஒன்றும் இல்லை.

அம்மாவின் சட்டம் வேறு. வெள்ளிக்கிழமை ஃபோன் எடுத்தால் முதல் கேள்வி, "வெள்ளக்காரன் பதில் போட்டானா?" இல்லை என்றால் அடுத்தது, "சரி, சாப்பிட்டியா?" இரண்டுக்கும் இடையில் ஒரு நொடிகூட இடைவெளி இல்லை. எனக்கு இது பிடித்திருக்கிறது.

இல்லை என்று வந்தால்

வந்தால் என்ன செய்வது என்று பெப்ரவரியிலேயே முடிவெடுத்துவிடுங்கள், ஏப்ரலில் மூளை வேலை செய்யாது. என் முடிவைச் சொல்கிறேன்.

பேராதனையில் மனிதப் பண்பியல், சமூக விஞ்ஞானப் பட்டப்பின் படிப்பு நிறுவனம் இருக்கிறது. ஆங்கிலத்தில் முதுமாணி அங்கே செய்யலாம். வேலை செய்துகொண்டே படிக்கிறவர்கள் நிறையப் பேர். வெளிநாடு கிடைக்காதவர்கள் ஒதுங்கும் இடம் என்று சிலர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன், எனக்கு எரிச்சல் வரும். என் ஆய்வுக்கு வேண்டியவை எங்கே இருக்கின்றன? பேராதனை நூலகத்தின் இலங்கைத் தொகுப்பில் இருக்கின்றன, கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கின்றன. சி.வி. தொகுத்த பாடல்களை இன்றும் பாடத் தெரிந்த ஒரு பாட்டி கலஹாவில் இருக்கிறார். அமெரிக்காவில் இடம் கிடைத்தாலும் மூன்றாம் வருஷத்தில் ஆய்வுக்கென்று காசு வாங்கிக்கொண்டு நான் வர வேண்டியது இங்கேதான்.

அங்கே போனால் கிடைப்பவற்றைக் குறைத்துச் சொல்லவும் மாட்டேன். நேரம் கிடைக்கும். ஐந்து வருஷம் டியூஷன் காசுக்கு அலையாமல் வாசிக்கிற நேரம். எந்த இதழையும் காசு கட்டாமல் திறக்கிற நூலகம். கரீபியன் கரும்புத் தோட்டத்தையும் அசாம் தேயிலையையும் படிக்கிற வேறு பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்காரலாம். அந்த மூன்றுக்காகத்தான் விண்ணப்பித்தேன். நான் கெட்டிக்காரி என்று யாராவது முத்திரை குத்த வேண்டும் என்பதற்காக அல்ல. அந்த முத்திரையைத் தெரிவுக் குழுவிடம் எதிர்பார்த்தால் அவர்களுடைய வரவுசெலவுத் திட்டம் உங்கள் தலையெழுத்து ஆகிவிடும்.

அடுத்த டிசம்பருக்குப் போடப்போகிற தம்பி தங்கச்சிமாருக்குக் கடைசியாக. ஓகஸ்டிலேயே சிபாரிசுக்கு விரிவுரையாளர்களைக் கேளுங்கள். செப்டெம்பரில் கட்டுரையைத் திருத்துங்கள். பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்க்காமல் அங்கே யார் என்ன எழுதுகிறார்கள் என்று பாருங்கள். இரண்டு புத்தகமாவது வாசித்துவிட்டு அவர் பெயரை எழுதுங்கள். கெடு அமெரிக்கக் கிழக்குக் கரை நேரப்படி 15ஆம் திகதி நள்ளிரவு என்றால் இங்கே மறுநாள் காலை பத்தரை, ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். போன டிசம்பரில் நாங்கள் கற்றது அதுதான். உங்கள் கேள்வியை முதலில் தமிழில் வீட்டில் ஒருவருக்கு விளங்கும்படி சொல்லிப் பாருங்கள். விளங்கினால் ஆங்கிலத்திலும் விளங்கும்.

நான் வருகிற கிழமை சுவடிகள் திணைக்களத்தில் வாசகர் அனுமதிக்கு எழுதிப் போடப் போகிறேன். அதற்கு ஏப்ரல் 15வரை காத்திருக்கத் தேவையில்லை.